பொம்மைக்கு ஒரு முழுச் சட்டை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிட்டு, தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைச் சமையல் மேடைமேல் வைத்தாள். அம்மா பிரித்துப் பார்த்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு பொம்மை. தலையில் முடி இல்லை, உடம்பில் பொட்டுத் துணி இல்லை.

"எங்க கிளாஸ் பொம்மைம்மா. பேரு மொட்டை. நீ சட்டை தச்சுத் தருவேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை கொண்டு போகணும்."

"நானா?"

"பின்ன? நீதானே டெய்லரு. எங்க கிளாஸ்ல வேற யாரோட அம்மாவும் டெய்லர் இல்ல."

சொல்லிவிட்டு அவள் கைகால் கழுவப் போய்விட்டாள். அம்மா பொம்மையை மறுபடி செய்தித்தாளில் சுற்றி வைத்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குச் சட்டை தைக்கத் தெரியாது.

தொழிற்சாலையில் அவளைக் காலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். மூன்றாவது வரிசை, ஐந்தாவது மிஷின். வலது பக்கப் பெட்டியிலிருந்து வெட்டின துண்டை எடுப்பாள். உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்து மூன்று பக்கம் தைப்பாள். மூலையை நறுக்கித் திருப்பி, குச்சியால் முனையைக் குத்தி எடுத்து, மேல்தையல் ஓட்டி இடது பக்கப் பெட்டியில் போடுவாள். ஒரு நாளைக்கு எண்ணூறு. இடது பெட்டியிலிருந்து அது எங்கே போகும், யார் கையில் என்ன ஆகும் என்று எட்டிப் பார்க்க நேரம் கிடையாது. மூன்றாவது வரிசையில் தலையைத் திருப்பினால் ஊசி விரலில் இறங்கும்.

யாராவது என்ன வேலை என்று கேட்டால் "சட்டை தைக்கிறேன்" என்பாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஏழு மாசத்துக்கு முன்னால் தொழிற்சாலைக் கதவைச் சாத்தி, ஆளுக்கொரு பழைய மிஷினைத் தூக்கிக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மிஷின் கூடத்தில் வந்து உட்கார்ந்ததுமே பக்கத்து வீடுகளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "இதைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க, அதைக் கொஞ்சம் தச்சுக் கொடுங்க" என்று துணியும் கையுமாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "மிஷின் ரிப்பேருங்க." ஏழு மாசமாக அந்த மிஷினுக்கு ரிப்பேர். அதன் தலைமேல் வெங்காயக் கூடை.

அக்கம்பக்கத்தை ஏமாற்றிவிடலாம். சிட்டுவை என்ன செய்வது? உலகத்திலேயே அந்த ஒரு ஏழு வயசு ஜீவன்தான் காலரக்காவைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு போய்விடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் வெங்காயக் கூடையை இறக்கினாள். பீரோவைக் குடைந்து நீலக் கோடு போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்தாள். நடுவில் நைந்து போயிருந்தது. ஓரமெல்லாம் கெட்டியாகவே இருந்தது. கூட ஒரு வெள்ளைத் தலையணை உறை, புருஷன் தூக்கிப் போட்ட ஒரு பழைய சட்டை. உட்கார்ந்ததும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. தலையணை உறையில் இரண்டு துண்டு வெட்டி, பழைய சட்டையின் காலரைப் பிரித்து அந்தக் கேன்வாஸை உள்ளே வைத்து, தைத்து, நறுக்கித் திருப்பி, முனையைக் குத்தி எடுத்தாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு காலர். இரண்டு முனையும் கத்தி மாதிரி இருந்தன. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதற்குக் கீழே என்ன வரும்? துணி வரும். சரி, எப்படி வரும்?

மொட்டையை விரிப்பின்மேல் படுக்க வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டாள். கோட்டின்மேலேயே வெட்டினாள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தைத்தாள். தையலுக்குக் கொஞ்சம் துணி போகும், பொம்மைக்கு வயிறு முதுகு என்று ஒரு பருமன் இருக்கும் என்பதெல்லாம் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. தலைவழியாக விட்டாள், காதோடு நின்றுவிட்டது. கால்வழியாக விட்டாள், இடுப்புக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. இழுத்த இழுப்பில் ஒரு பக்கம் டர்ரென்று கிழிந்தது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவனுக்கு மதிய ஷிஃப்ட். டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, பொம்மைக்குக் கட்டு போடறியா? எங்கயாவது விழுந்துடுச்சா?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? உனக்கு இதெல்லாம் சுண்டைக்காய் வேலை இல்ல?"

"எனக்குத் தைக்கத் தெரியாதுங்க." கிழிந்த துணியை மடியில் போட்டாள். "காலர் மட்டும்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். கேலியாக இல்லாமல் நிஜமாகவே புரியாமல் கேட்டான்: "அப்ப இருபத்திரண்டு வருஷமா அங்க என்னதான் பண்ணிட்டு இருந்த?"

அவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? காலர் என்பது சட்டையா, இல்லையா? சட்டை இல்லையென்றால் காலர் எதற்கு?

மதியம் இரண்டு தெரு தள்ளியிருந்த கையக்கா வீட்டுக்குப் போனாள். கையக்கா அதே தொழிற்சாலையில் சட்டைக் கை தைத்தவள், இப்போது பேக்கரியில் பொட்டலம் போடுகிறாள். பேச்சுக்குரல் கேட்டு மாடிவீட்டுக் காஜாவும் இறங்கி வந்தாள். காஜா என்றால் பொத்தான் துளை. அவள் அந்த மிஷினில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காலரக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"நீ என்ன, நான் மட்டும் என்ன? என் நாத்தனார் துணியைத் தூக்கிட்டு வந்தா. மிஷின் ரிப்பேர்னு அனுப்பிட்டேன்" என்றாள் கையக்கா.

"நானும் அதையேதான்க்கா சொல்லிட்டு இருக்கேன்!" என்றாள் காஜா.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் மூன்று நல்ல மிஷின்கள் ஒரே நேரத்தில் ரிப்பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டுவை அவள் அப்பாவோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டு, மூவரும் பழைய சட்டையை நடுவில் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் சண்டை எது முதலில் என்பதில்.

"முதல்ல கழுத்து. என்கிட்ட வரும்போது கழுத்து இருக்கும்" என்றாள் கையக்கா.

"என்கிட்ட வரும்போது எல்லாமே இருக்கும்" என்றாள் காஜா. "பொத்தான்தான் இருக்காது."

"என்கிட்ட ஒண்ணுமே வராது, வெறும் துண்டு" என்றாள் காலரக்கா. "அப்ப நான்தான் முதலா?"

யாருக்கும் தெரியவில்லை. பழைய சட்டையைப் பிரிக்கும்போது தோளுக்குப் பின்னால் இரட்டையாக ஒரு துண்டு வந்தது. "இது என்னடி, சட்டைக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கா?" என்று மூவரும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு இன்றைக்குப் புதிதாக ஓர் அறையைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் வரைந்து, சின்னதாக்கி, இந்த முறை ஒரு விரல் அகலம் கூட விட்டு வெட்டினார்கள். உடம்புக்குப் படுக்கை விரிப்பு, கைக்கும் காலருக்கும் தலையணை உறை. தோளை மூவருமாகச் சேர்ந்து, ஒருத்தி பிடிக்க ஒருத்தி குத்த, கையாலேயே தைத்தார்கள். பொத்தான்கள் அந்தத் தலையணை உறையிலேயே இருந்தன. காஜா நான்கு துளைகளை ஊசியால் பின்னினாள்.

சட்டை முடிந்தது. மேஜைமேல் கிடந்தபோது கடைச் சட்டை தோற்றுப் போகும் போல இருந்தது. காலரக்கா காலரைப் பார்த்தாள், கையக்கா கையைப் பார்த்தாள், காஜா காஜாவைப் பார்த்தாள். அடுத்தவள் வேலையை ஒருத்தியும் பார்க்கவில்லை. பார்ப்பது செக்கிங் ஆளின் வேலை, அவன் அங்கே இல்லை. மொட்டைக்குப் போட்டபோது வலது கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. பொம்மையின் கைதான் கோணல் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

பூங்காவிலிருந்து வந்த சிட்டு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். "எல்லாம் நீயேவாம்மா?" என்று கேட்டாள். காலரக்கா சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை சிட்டுவின் பிடிவாதத்தில் அவளும் வகுப்புக்குப் போகவேண்டியதாயிற்று. டீச்சர் பொம்மையைக் கையில் வாங்கி, காலரைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா, ஒரே ஆளா தச்சீங்க?" என்றார்.

"எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும் டீச்சர்" என்றாள் சிட்டு.

பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். முன்பல் விழுந்த ஒரு பெண் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மொட்டைக்கு ரெண்டும் ஒரே கை!" என்று கத்தினாள்.

காலரக்கா அப்போதுதான் பார்த்தாள். சட்டைக் கையில் மணிக்கட்டுக்கு விடும் பிளவு பின்பக்கம் வரவேண்டும். இடது கையில் சரியாக இருந்தது. வலது கையில் அது வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டுமே இடது கை. தொழிற்சாலையில் இடது கைக்கு ஒரு வரிசை, வலது கைக்கு வேறொரு வரிசை. கையக்கா இடது வரிசை. அவளுக்கு வலது கை தெரியாது.

வகுப்பே சிரித்தது. "அம்மாவுக்கு அவசரம் போலிருக்கு" என்று டீச்சர் சமாளித்தார். சிட்டுவின் காது சிவந்துவிட்டது. அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆமாம், நான்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. பெரிய டெய்லருக்கும் கை தவறும். ஆனால் தப்பு என்று ஒருவர் விரலை நீட்டினால் மூன்றாவது வரிசையில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒரே வாக்கியம்தான். அது அவள் யோசிப்பதற்குள் வெளியே வந்து விழுந்தது.

"கை நான் தைக்கல டீச்சர்."

"பின்ன நீங்க எதைத் தச்சீங்க?"

"காலர்."

"காலர் மட்டுமா?"

"மட்டும்தான்." அப்புறம் எதற்கென்று தெரியாமலே சேர்த்துச் சொன்னாள்: "எப்பவுமே அது மட்டும்தான்."

சிட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கூட்டிவரப் போனபோது சிட்டு நான்கு அடி முன்னாலேயே நடந்தாள். கையைக் கொடுக்கவில்லை. காலரக்காவுக்குப் பிள்ளையைத் திட்டவும் முடியவில்லை, சமாதானம் செய்யவும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும் சிட்டு திரும்பினாள்.

"அப்ப நீ டெய்லர் இல்லையா?"

"தெரியலடா."

"உனக்கே தெரியாதா?"

"நிஜமாத் தெரியல."

சிட்டு செருப்பு நுனியால் தரையைக் கீறினாள். "ஒரு நாளைக்கு எத்தனை காலர் தைப்ப?"

"எண்ணூறு."

"இருபத்திரண்டு வருஷமாவா?" விரலை மடக்கிப் பார்த்தாள். விரல் போதவில்லை. "அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

காலரக்காவும் அதைத்தான் இரண்டு நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "யார் கழுத்துலயாவது இருக்கும்."

சிட்டு சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் ஓர் ஆள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "அங்கிள், உங்க காலரை எங்கம்மா பார்க்கணும்."

காலரக்காவுக்கு மானம் போயிற்று. "ஐயோ, மன்னிச்சுக்கங்க, குழந்தை…" என்று ஓடிப்போனாள். ஆனால் கண் அதற்குள் காலருக்குப் போய்விட்டது. மேல்தையல் ஓரத்தை விட்டு விலகி ஓடியிருந்தது. முனை மழுங்கியிருந்தது. உள்ளே கேன்வாஸ் சுருங்கி மேல்துணி கொப்பளித்திருந்தது.

"இது நான் தச்சது இல்ல" என்றாள். மூன்று நாள் குழப்பத்தில் அவள் சந்தேகமே இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். "மூலையை நறுக்காமலே திருப்பியிருக்காங்க பாருங்க. இது என் பெட்டியில விழவே விழாது."

அந்த மனிதர் தானே தைத்துக் கெடுத்துவிட்டதுபோலக் காலரைக் கையால் மூடிக்கொண்டு, "ரெண்டு வருஷம் முந்தி வாங்கினதுங்க" என்றார்.

சிட்டு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவள் விரல்களுக்குள் தன் விரல்களை நுழைத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை வாசலில் நின்ற ஒரு கட்டம்போட்ட சட்டையைக் காட்டினாள்.

"அது?"

காலரக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இங்கிருந்து தெரியல. வா, கிட்டப் போய்ப் பார்க்கலாம்."