கெண்டைக்காலின் வளைவு

கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னையில் செயற்கைக் கால் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டில் நெட் சரியாக வராது. அதனால் ஃபைல் அனுப்பக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

அப்போது கல்வராயன் மலைப் பெண் ஒருத்திக்கு உறை வரைந்துகொண்டிருந்தேன். விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். செயற்கைக் காலின் குழாய் வெளியே தெரியாமல் மேலே மாட்டுகிற உறை அது. கம்ப்யூட்டரில் மெல்லிய பரப்புகளை வளைத்து, ஒன்றோடொன்று இணைத்து அந்த வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். அவள் கூச்சப்பட்டதால் நல்ல காலின் பின்பக்கத்தைப் படம் எடுக்க முடியவில்லை. நானே ஊகித்து வரைந்து அனுப்பினேன்.

“வாழத்தண்டு மாதிரி இருக்குதுக்கா. இதப் போட்டுக்கினு நான் காலேஜுக்குப் போவமாட்டேன்” என்று போனில் அழுதாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது அவளுக்கு.

திருத்தியது மூன்று மணிக்குள் வராவிட்டால் உறையைச் செய்கிற மெஷினை வேறு வேலைக்கு விட்டுவிடுவோம் என்றார்கள் ஆபீசில். அன்றைக்குப் பார்த்துத் தியாகதுருகம் அருகே சாலை மறியல். பஸ் நின்றுவிட்டது. முன்னால் கோஷம், பின்னால் லாரி வரிசை. மடியிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். வளைவு சீராக இருக்கிறதா என்று பார்க்கப் பரப்பின்மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிடுவோம். கெண்டைக்கால் வந்ததும் கோடுகள் உடைந்தன. உடைசலைச் சரிசெய்தால் மறுபடி வாழைத்தண்டு. என் காலைப் பார்த்து வரையலாம் என்றால் அது வெறும் குச்சி. பேட்டரி வேறு இறங்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்து சீட்டில் சாமந்திக் கூடையோடு ஒரு அம்மா. “இன்னாம்மா, ஏன் கண்ணு கலங்குது?” என்றார். சொன்னேன். கூடையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தார். பிறகு, “எறங்கி வா” என்றார்.

சாலையோரப் புளியமரத்தின் மறைவில் எனக்கு முதுகு காட்டி நின்று, புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தார்.

“போட்டோ மட்டும் வேணாம்மா. பாத்துக்கினே போடு.”

உழைத்துத் திரண்ட கால். தசை இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. உட்பக்கம் இன்னும் தாழ இறங்கி, அப்புறம்தான் குதிகாலை நோக்கி ஒடுங்கியது. நானோ இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருந்தேன். மர வேரின்மேல் லேப்டாப்பை வைத்து, மண்டிபோட்டபடி இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

திடீரென்று போலீஸ் வண்டிச் சத்தம். கூட்டம் கலைந்து எங்கள் பக்கம் ஓடிவந்தது. வழி கிடைத்ததும் எங்கள் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பிவிட்டது.

“அம்மா, உங்க கூடை!”

“கண்டக்டரு தெரிஞ்சவருதான். ஸ்டாண்டுல எறக்கி வெப்பாரு. நீ முடி.”

ஆட்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். சிலர் திரும்பியும் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். புடவையை மட்டும் இறக்கவில்லை.

கோடுகள் ஒருவழியாக உடையாமல் ஓடின. போன் நெட்டில் இணைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்த கொஞ்ச நேரத்தில் லேப்டாப் அணைந்துவிட்டது.

ஷேர் ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி போனோம். கூடை பத்திரமாக இருந்தது. பூவில் பாதி வாடியிருந்தது. தண்ணீர் தெளித்துத் தூக்கிக்கொண்டு அவர் மார்க்கெட் பக்கம் நடந்துவிட்டார். பதற்றத்தில் அவர் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

காலேஜில் சேர்ந்த அன்று அந்தப் பெண் போன் செய்தாள். “பஸ் ஏறுறப்ப யாரும் என் கால குனிஞ்சு பாக்கலக்கா” என்றாள்.

முன்பெல்லாம் அளவெடுக்க வருபவர்கள் கூசி நின்றால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது, காலைக் காட்டுங்கள் என்று கேட்கும்போதே என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.