புதுமுகங்களைப் பற்றிய கொப்பி

பெப்ரவரி மாதத்தில் எந்தக் கழகத்தையும் நம்பக்கூடாது. மெல்பேர்னில் பருவம் தொடங்குமுன் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் ஒன்றோடொன்று பயிற்சிப் போட்டி ஆடும். அதில் வென்ற கழகத்தின் ரசிகர்கள் கிண்ணமே கைக்கு வந்துவிட்டதுபோலத் துள்ளுவார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். கெட்டிக்காரப் பயிற்றுநர் தன் சரக்கை அந்த மாதத்தில் காட்டமாட்டார். மூத்த ஆட்டக்காரர்களைப் பாதி நேரத்தோடு வெளியே எடுத்து உட்கார வைத்துவிடுவார். புள்ளிப் பலகையைப் பார்த்துக் கணிப்பவன் ஏமாந்துதான் போவான்.

நான் பார்ப்பது புதுமுகங்களை. வருடக் கடைசியில் கழகங்கள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும். முதலில் தெரிவாகிறவர்களின் படம் பத்திரிகையில் வந்துவிடும். எல்லாம் முடிந்தபின் மிஞ்சியவர்களிலிருந்து அரை மனதோடு இன்னும் சிலரை எடுப்பார்கள். அவர்களுக்கு ரூக்கி என்று பெயர். என் கண் அவர்கள் மேல்தான். ஒருவன் பந்தைத் தவறவிட்டால் அடுத்த கணம் எங்கே பார்க்கிறான் என்று கவனிப்பேன். பயிற்றுநரைப் பார்த்தால் அவன் கதை முடிந்தது. வானத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு வருடம் வேண்டும். பந்து போன இடத்தைப் பார்த்தால் அவன் இலக்கத்தைக் குறித்துக்கொள்வேன். பயிற்சி முடிந்து மைதானத்தில் வைத்த அடையாளக் கூம்புகளைப் பொறுக்கி அடுக்குகிறவன் நல்ல ஆட்டக்காரனாக வருவான் என்றும் ஒரு வருடம் நம்பினேன். அவன் நல்ல மனிதன்தான், ஆட்டம் வரவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத காலத்தில் வந்தது. படகில் வந்து இறங்கியவனுக்குக் காலை முழுவதும் போக இடமில்லை. கழகங்களின் பயிற்சியைப் பார்க்க நுழைவுச்சீட்டு இல்லை, எதற்கு வந்தாய் என்று கேட்பாரும் இல்லை. கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு நாள் முழுக்க நிற்கலாம். பிறகு டன்டினோங் பக்கம் மரக்கறி வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட் வேலை கிடைத்தது. காலை நேரம் அப்போதும் எனக்கே மிச்சமானது.

பார்த்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன், தமிழில். பெயர் தெரியாதவர்களுக்கு நானே பெயர் வைத்தேன்: நெட்டையன், செம்பட்டை, பிடிவாதக்காரன். பக்கத்தில் சட்டை இலக்கம். தொழிற்சாலையில் அந்தக் கொப்பியை டீ றூம் மேசையில் விரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போவேன். என் எழுத்தைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ பூவேலை மாதிரி இருக்கிறது என்பார்கள். பூட்டுப் போட்ட பெட்டிகூட அவ்வளவு பத்திரமில்லை என்று நான் நினைத்திருந்தேன். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் என்னைத் தவிர ஒருவன்தான்.

அவனும் நானும் ஒரே படகில் வந்தவர்கள். ஒரு போத்தல் தண்ணீரை மூடியால் அளந்து இரண்டு நாள் குடித்தவர்கள். ஸ்பிரிங்வேலில் ஒரே யூனிட்டில் பக்கத்துப் பக்கத்து அறை. அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டது நான். காலையில் என்னைத் தன் காரில் மைதானத்துக்குக் கூட்டிப்போவது அவன். போய்ச் சேர்ந்ததும் கதிரையைச் சாய்த்துவிட்டுத் தூங்கிவிடுவான். கால்பந்து அவனுக்குக் கொட்டாவி. அவனிடம் எதையும் ஒளிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. குசினியில் அவன் கறி கூட்டும்போது அன்றைக்கு எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவேன். ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு உப்புப் பார்ப்பான்.

டீ றூமில் ஒவ்வொரு மார்ச்சிலும் எங்களுக்கென்று ஒரு தெரிவு நாள் உண்டு. எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து புதுமுகங்கள். கையுறைப் பெட்டிக்குள் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி வரிசை பிடித்து, ஒருவர் மாறி ஒருவர் பெயர் சொல்லவேண்டும். ஒருவர் எடுத்தவரை மற்றவர் எடுக்கமுடியாது. எங்கள் சுப்பவைசர் அதை வெள்ளைப் பலகையில் எழுதுவார். அவர் தன் ஊரில் உள்ள சின்னக் கழகம் ஒன்றின் கமிட்டியில் இருப்பவர். இந்த வருடம் ஜனவரியில் அவர் ஒரு விஷயம் சொன்னார். அவர்களின் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் குழுவில் இருந்த வயதானவர் குயின்ஸ்லாந்துக்குக் குடிபோய்விட்டார். ஒரு கதிரை காலி. தெரிவு நாளில் பெயர் சொல்லும்போது காரணமும் சொல்லவேண்டும், ஆளைப் பார்த்துக் கணிக்கத் தெரிந்தவர் யார் என்று கண்டால் அவரைச் சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போவேன் என்றார்.

அந்தக் கதிரை எனக்கு வேண்டும். வேறு எதையும் இந்த நாட்டில் நான் இப்படி விரும்பியதில்லை. சம்பளம் இல்லை, மழையில் நிற்கவேண்டும், அதெல்லாம் தெரியும். பதினொரு வருடமாக விசா அதிகாரிகள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எந்தத் திகதியில் புறப்பட்டாய், யார் படகு, ஏன் போனமுறை வேறு மாதிரிச் சொன்னாய். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குழுவில் இருந்தால் ஒருவனைக் காட்டி, இவன் எப்படி என்று கேட்பார்கள். நான் சொல்லுவேன். அதற்காக இந்தக் கோடை ஒரு பயிற்சியையும் விடாமல் பார்த்தேன்.

நெட்டையனை அப்படித்தான் கண்டுபிடித்தேன். எங்கேயோ நாட்டுப்புறத்திலிருந்து வந்த பெடியன், ரூக்கிப் பட்டியலிலும் கடைசியில் எடுபட்டவன், கையும் காலும் உடம்போடு இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. மூன்று பயிற்சிப் போட்டிகளில் எல்லாமாக அரை மணித்தியாலம்கூட ஆடியிருக்கமாட்டான். ஆனால் விழுந்தால் அவன் எழும்பியபின் யோசிப்பதில்லை, எழும்பிக்கொண்டே யோசிக்கிறான். இந்த வசனத்தை மூன்று தரம் வெட்டித் திருத்தி எழுதினேன். ஆங்கிலத்தில் சொல்லவும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்.

தெரிவு நாளன்று, என்றைக்கும் இல்லாமல், என்னோடு படகில் வந்தவனும் பெயர் கொடுத்திருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். கடைசியில் இவனுக்கும் ஆட்டத்தில் ருசி வந்துவிட்டது என்று நினைத்தேன். துண்டு எடுத்ததில் அவனுக்கு மூன்றாவது இடம், எனக்கு ஆறாவது. முதல் இரண்டு பேரும் பத்திரிகையில் படம் வந்த பெயர்களைச் சொன்னார்கள். அவன் எழும்பி நின்று நெட்டையனின் உண்மைப் பெயரைச் சொன்னான்.

யார் அது என்று இரண்டு பேர் கேட்டார்கள். சுப்பவைசர் காரணம் கேட்டார். அவன் தடங்கல் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னான்: விழுந்தால் அவன் எழும்பியபின் யோசிப்பதில்லை, எழும்பிக்கொண்டே யோசிக்கிறான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுப்பவைசர் பேனையைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தார். நான் அப்போதும் தற்செயல் என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். வாயில் ஈ போனாலும் தெரியாத நிலையில் இருந்தேன் என்பதுதான் உண்மை.

என் முறை வந்தது. கொப்பியை மூடிவைத்தேன். பத்திரிகையில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், நல்ல ஆட்டக்காரன் என்றேன். ஒருவர் சிரித்தார். இரண்டாவது சுற்றில் அவன் செம்பட்டையை எடுத்தான். மூன்றாவதில் பிடிவாதக்காரனை. என் கொப்பியின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறின. அவன் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாவது சுற்று முடிந்ததும் சுப்பவைசர் அவன் தோளில் தட்டி, சனிக்கிழமை சப்பாத்து மாற்றிக்கொண்டு வா, சேறாக இருக்கும் என்றார்.

அடுத்த நாள் காலை குசினியில் அவன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றான். எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தான்.

"என்ர கொப்பியை ஏன் எடுத்தனீ?" என்று கேட்டேன்.

"எடுக்கேல்லை. மேசையில கிடந்தது, வாசிச்சனான். நீதானே ஒவ்வொரு நாளும் வாசிச்சுக் காட்டுறனீ."

"அது நான் பாத்து எழுதினது."

"ஓம் மச்சான், ஆர் இல்லையெண்டது? பத்து வருசமா அந்த டீ றூமில இருக்கிறாய். ஒரு நாள் வாயைத் திறந்து ஒரு கதை சொன்னனியே? நேற்றும் பாத்தன்தானே. நீ சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். சும்மா கிடந்து வீணாப் போறதை நான் சொன்னன்."

"உனக்கு அந்தக் கழகம் என்னத்துக்கு?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "கமிட்டியில இருந்து ஒரு கடிதம் எடுக்கலாம். இவர் எங்களோட வேலை செய்யிறவர், ஊருக்குத் தேவையானவர் எண்டு. விசா கேஸுக்கு லோயர் அப்பிடி நாலு கடிதம் கேட்டவர். கோயிலில ஒண்டு எடுத்திட்டன். இது வெள்ளைக்காரற்ற கடிதம், அதுக்கு மதிப்பு வேற. எனக்கு வந்த பிறகு உனக்கும் ஒண்டு எழுதுவிக்கிறன்."

அவன் மனைவியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். மகளை அவன் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவன். அவனுக்குக் கடிதம் வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. எனக்கு உயிராக இருந்த ஒன்று அவனுக்கு மேசையில் சும்மா கிடந்த பொருள். முதுகில் குத்தினான் என்று சொல்லக்கூட வழியில்லை. குத்துவது தெரியாமலே குத்தினான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தேத்தண்ணியைத் தொடாமல் வெளியே போய்விட்டேன்.

சனிக்கிழமை ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்க நின்றேன். பத்து மணி இருக்கும், கைத்தொலைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது, பின்னால் அவன் குரல்.

"மச்சான், இருபத்திமூண்டாம் நம்பர் எப்பிடி? கெதியாச் சொல்லு, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

பதில் அனுப்பாமல் விடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. சேற்று மைதானம், குளறுகிற சனம். இருபத்திமூன்று கட்டையான பெடியன், இருபது வயதுக்கு மேல் இராது. முழங்காலில் பழைய கட்டு. இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைத்தான். பந்து மற்றப் பக்கம் இருக்கும்போது ஒருவரும் கேட்காமலே ஓடிப்போய் வெறும் இடத்தை அடைத்தான். தன் ஆளுக்குக் கை காட்டி வழி சொன்னான். மூன்று தரம் பார்த்தேன். இந்தக் கோடையில் நான் பெரிய கழகங்களில் பார்த்த பாதிப் பேரைவிட அவன் கெட்டிக்காரன். சின்ன வயதில் ஒருவரும் கவனிக்காமல் விட்ட ஆள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

மீன்காரர் தலையை வெட்டவா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு ஒரு கையால் எழுதி அனுப்பினேன்: "சரிவராது. விடச்சொல்லு."

புதன்கிழமை டீ றூமில் சுப்பவைசர் கழகத்தின் பட்டியலைக் கொண்டுவந்து அவனுக்குக் காட்டினார். இருபத்திமூன்று அதில் இல்லை. நல்ல காலம், இவர் சொல்லியிருக்காவிட்டால் அவனைத்தான் எடுத்திருப்போம் என்று மற்றவர்களிடமும் சொன்னார். அவர் போனபிறகு அவன் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ சொன்னபடியே விட்டிட்டாங்கள் மச்சான். ஒருத்தரும் மறு கதை கதைக்கேல்லை."

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக இந்த நாட்டில் நாலு பேர் என் கணிப்பைக் கேட்டு ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அதற்கென்று நான் அனுப்பியது பொய்.