தோற்ற அணிகளுக்கு ஒரு கோப்பை

போனில் மகளின் குரலுக்குப் பின்னால் பந்து தட்டும் சத்தம் கேட்டது. பெரிய போட்டிக்குத் தேர்வாகாத காலேஜ் டீம்களுக்கென்றே திண்டுக்கல்லில் தனியாக ஒரு கூடைப்பந்துப் போட்டியாம்; அவள் டீமையும் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"தோத்தவங்கள எவன் கூப்புடுவான்?" என்றேன்.

நாங்கள் மலைமேல் நாயுடுபுரத்தில் இருந்தபோது என் அக்காவுக்கும் இப்படித்தான் வெளியூரில் விளையாட ஓர் அழைப்பு வந்தது. எங்கள் அப்பா, நல்ல வார்த்தை சொல்லி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். "சும்மா வண்டி வச்சு கூட்டிட்டுப் போறவன் திரும்பக் கொண்டாந்து விடமாட்டான் புள்ள" என்றார். அக்கா சாப்பிடாமல் அழுததால்தான் விட்டார். விட்டவர், முட்டைக்கோஸ் லாரியேறிப் பின்னாலேயே போனார். அக்கா கோப்பை வாங்கியதை அவர் பார்க்கவில்லை. கூட்டிப்போன பஸ் அக்காவை விட்டுவிட்டுக் கிளம்பிவிடக் கூடாதென்று டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வந்தபோது அவர் சட்டையெல்லாம் கோஸ் வாடை.

"அப்பா, நீங்க அங்க வந்து நிக்கக்கூடாது" என்றாள் மகள்.

"எனக்கு வேற சோலி இல்லையா?" என்றேன்.

திண்டுக்கல்லுக்கு வெள்ளனே கிளம்பும் பஸ்ஸை விசாரித்துவிட்டேன். அப்படியொரு போட்டி நிஜமாகவே நடந்தால், ஆட்டத்தையும் பார்ப்பேன்.