எட்டு நாளில் ஒரு வருஷம்

சொந்த அம்மாவே டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போல ஒரு வம்பு உலகத்தில் கிடையாது. தப்புச் செய்தால் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு அடி என்றால் எனக்கு இரண்டு. ஒன்று தப்புக்கு, இன்னொன்று டீச்சர் மகளாக இருந்துகொண்டு அதைச் செய்ததற்கு. சரியாகச் செய்தாலும் ஆகாது. ‘அவுக அம்மா வீட்டுல சொல்லிக் குடுத்திருப்பாக’ என்று ஊரே ஒரு வரியில் முடித்துவிடும். போதாததற்கு, பள்ளிக்கூட வாசல் ஏறிவிட்டால் அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். டீச்சர் என்றால்தான் காது கேட்கும்.

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி போகிற ரோட்டில் இறங்கி ஒரு மைல் உள்ளே நடக்க வேண்டிய ஊர் அது. ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, அறுபது சொச்சம் பிள்ளைகள், இரண்டே டீச்சர். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஆடி மாதத்தில் சின்ன டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ஐந்து வகுப்பையும் அம்மா ஒருத்தியே கட்டி மேய்த்தாள். இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் ஆனா ஆவன்னா, நடுவில் சத்துணவுக்கு அரிசி அளந்து போடுவது. பாடம் நடந்ததே பெரிய காரியம். ஆட்டம் பாட்டம், விழா, மன்றம் என்று எதுவும் நடக்கவில்லை.

மதுரையிலிருந்து எங்கள் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. புது ஆபீஸ், புது அதிகாரிகள், நாளுக்கொரு படிவம். பங்குனியில் வந்த படிவம்தான் எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தது. வருஷம் முழுக்க மாணவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று ஆண்டறிக்கை எழுத வேண்டும். அதை ஆண்டு விழாவில் தாளாளர் முன்னால் வாசிக்க வேண்டும். ஒரு நகல் ஆபீசுக்குப் போக வேண்டும். இலக்கிய மன்றக் கூட்டங்கள் எத்தனை, மரம் நட்டீர்களா, சுற்றுலா போனீர்களா, சுகாதார வாரம் கொண்டாடினீர்களா, விளையாட்டு விழா நடந்ததா என்று கேள்வி கேள்வியாக இருந்தது. ஆண்டு விழாவுக்கு எட்டு நாள் பாக்கி.

அப்பா டவுன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சுலபமாக வழி சொன்னார்.

“எல்லாம் சிறப்பாக நடைபெற்றனன்னு எழுதிப்புட்டுப் போ. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அதத்தான எழுதுறாக.”

“நடக்காதத நடந்துச்சுன்னு எழுத எனக்குக் கை வராதுங்க” என்றாள் அம்மா.

“அப்ப எழுதாத.”

“எழுதலேன்னா அறுவது புள்ளைகளும் வருசம் பூராச் சும்மா உக்காந்திருந்துச்சுகன்னு ஆயிராதா? எட்டு நாள் கெடக்குல்ல. நடத்திப்புட்டு எழுதுறேன்.”

அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் சுகாதார வாரம். வாரம் என்றால் ஏழு நாள். அதை ஒரே நாளில் முடித்தால் பொய்யாகிவிடுமே! ஆகவே ஏழு நாளும் காலையில் வரிசையில் நின்று கையை நீட்டினோம். மூன்றாம் நாளே யாருக்கும் வெட்ட நகம் மிச்சமில்லை. அம்மா விடவில்லை. இல்லாத நகத்தை ஏழு நாளும் பார்த்தாள்.

கல்விச் சுற்றுலாவுக்கு அறுபது பேரையும் ரயில்வே கேட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். நல்ல வெயில். கேட் கீப்பரிடம், ரயில்வே பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அந்த மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “ரயில் வரும், கேட்ட அடைப்பேன். போயிரும், தெறப்பேன்” என்றார். அவ்வளவுதான் சுற்றுலா. அதை நாங்கள் நோட்டில் எழுத வேறு வேண்டியிருந்தது.

மரம் நடு விழாவைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் வலிக்கிறது. பங்குனி வெயிலில் யாராவது வேப்பங்கன்று நடுவார்களா? ஐந்து கன்று நட்டோம். நட்டதாக எழுதினால் அது பிழைக்க வேண்டாமா என்று கோடை லீவு முழுக்க என் தலையில் குடத்தை ஏற்றிவிட்டாள். மூன்று கன்று பட்டுப்போயின. இரண்டை ஆடு கடித்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் இலக்கிய மன்றம். வருஷத்துக்கு ஐந்து கூட்டம் நடக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ஐந்தையும் நடத்தினாள். அப்பா கேட்டதற்கு, “எத்தனை கூட்டம்னுதான் கேட்டிருக்கு, என்னிக்குன்னு கேக்கலையே” என்றாள். சத்தியம் தவறாதவர்கள் கண்டுபிடிக்கிற சந்து பொந்து வேறு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு தலைவர், வேறு தலைப்பு, தனியாகக் கடவுள் வாழ்த்து, தனியாக நன்றியுரை. ஒரு கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கூட்டம் ஆகிவிடுமாம். ஐந்துக்கும் நன்றியுரை நான். வேறு யாருக்கும் அத்தனை வேகமாக மனப்பாடம் ஏறாது. நான்காவது கூட்டத்தில் நன்றி சொல்ல ஆள் தீர்ந்துபோய்க் கரும்பலகைக்கு நன்றி சொன்னேன். டீச்சர் முறைத்தாள்.

இத்தனையும் நான் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன். அந்த அறிக்கையில் என் பெயர் வர வேண்டும். மைக்கில், தாளாளர் முன்னால், ஊர் கேட்க ஒரே ஒரு தடவை வந்தால் போதும். தன் மகள் பெயரைத் தானே எழுதி வாசித்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அம்மா மறுத்துக்கொண்டே இருந்தாள். நான் சாப்பிடாமல் அழிச்சாட்டியம் பண்ணிய பிறகு ஒருநாள் இறங்கி வந்தாள்.

“ஓட்டப் பந்தயத்துல மொத வந்தா எழுதுறேன். அத யாரும் கொற சொல்ல முடியாது.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட்டத்தில் என்னை அடிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. அம்மாவோ சொன்ன சொல் மாறாதவள். பெயர் வந்துவிட்ட மாதிரிதான்.

எனக்கு அடுத்தபடி ஓடக்கூடியவள் பாண்டியம்மாள். என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அய்யா புளி உலுக்கப் போகிறவர். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவளைச் சின்னாளபட்டியில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் நூல் சுற்ற விடுவதாக முடிவாகியிருந்தது. ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டுமே. பொம்பளைப் பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்புப் போதும் என்று அவள் அய்யா சொல்லிவிட்டார். அம்மா இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். எனக்கு என்னவோ பாண்டியம்மாள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. இனிமேல் அவளுக்கு வீட்டுக்கணக்கு கிடையாது, வாய்ப்பாடு கிடையாது. கொடுத்து வைத்தவள்.

பந்தயம் புளியமரத்திலிருந்து பம்புசெட் தொட்டி வரை. அம்மா தொட்டியடியில் நின்றாக வேண்டும், யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்க. விசில் ஊத ஆள் இல்லை. சத்துணவு ஆயா ஊதிப் பார்த்தார், காற்றுத்தான் வந்தது. கடைசியில் வழக்கம்போல அது என் தலையில் விழுந்தது.

“நீயே ஊதிட்டு ஓடு.”

மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, நான் மட்டும் இருக்கிற மூச்சையெல்லாம் விசிலில் விட்டுவிட்டு, அதை வாயில் கவ்விக்கொண்டே ஓடினேன். அப்படியும் நான்தான் முதல். தொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி நின்று, பாண்டியம்மாள் ஓடி வருவதை வேடிக்கை பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

அம்மா கையில் நோட்டை வைத்துக்கொண்டு செத்த நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

“பாண்டியம்மா மொத.”

பாண்டியம்மாளே திகைத்துப்போனாள். “டீச்சர், அவதான டீச்சர் மொத வந்தா?” என்றாள் மூச்சு வாங்க.

“அவ விசிலுக்கு முன்னாடியே ஓடிட்டா. செல்லாது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசில் இன்னும் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற இடம் மறந்து கத்தினேன்: “அம்மா! விசில் ஊதுனதே நான்தானம்மா!”

அவள் திரும்பவில்லை. அம்மா என்றுதானே கூப்பிட்டேன்.

இன்றைக்கு அம்மாவுக்கு எண்பதை ஒட்டி வயது. இப்போது கேட்டாலும் அசைய மாட்டாள். விசில் என் வாயில்தானே இருந்தது, ஊதுவதற்கு முன்னால் நான் எப்படி ஓட முடியும் என்று கேட்டால், “ஓடிட்டுத்தாண்டி ஊதுன” என்கிறாள். இவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். வழக்கமாகச் சிரித்துவிடுகிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. யார் முதல் என்று கேட்டார். பாண்டியம்மாள் என்றேன். சோற்றில் கையை வைத்தபடி அம்மாவைப் பார்த்தார்.

“அறிக்கையில அப்படியேவா எழுதப்போற?”

“ஆமா.”

“கை வருதா?”

அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “வருது” என்றாள்.

“சரி, விடு தாயி” என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அவரும் கட்சி மாறிவிட்டார் என்று எனக்கு நெஞ்சு வெடித்தது.

முதல் பரிசு எவர்சில்வர் தம்ளர். சனிக்கிழமை டவுனுக்குப் போய் அதில் பெயர் வெட்டி வாங்கி வந்தோம். பெயர் வெட்டுகிறவர் முன்னால் என்னை உட்காரவைத்து, “எழுத்து சரியா வருதான்னு பாத்துக்க” என்று சொல்லிவிட்டு அம்மா காய் வாங்கப் போய்விட்டாள். பாண்டியம்மாளின் பெயர் புள்ளி புள்ளியாகத் தம்ளரில் ஏறுவதை ஒவ்வொரு எழுத்தாக நான்தான் சரிபார்த்தேன். இதைவிடக் கொடுமை ஒரு பிள்ளைக்கு உண்டா?

இருந்தது. ஆண்டு விழாவில் தாளாளர் பக்கத்தில் பரிசுத் தட்டை ஏந்தி நிற்கிற வேலையும் எனக்குத்தான்.

எட்டு நாள் கத்தியதில் அம்மாவுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. அந்தக் குரலிலேயே அறிக்கையை வாசித்தாள். இலக்கிய மன்றக் கூட்டங்கள் ஐந்து என்றதும் தாளாளர் தலையை ஆட்டினார். “நன்றியுரை ஒரு மாணவி” என்று படித்தாள். ஒரு மாணவி! ஐந்து தடவை தொண்டை கிழியச் சொன்னவளுக்குப் பெயர் ஒரு மாணவி. கடைசியாக ஓட்டப் பந்தயம் வந்தது. அதுவரை யாருடைய தகப்பன் பெயரையும் படிக்காதவள், இதற்கு மட்டும் நிறுத்தி, மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு படித்தாள்: “முதல் பரிசு, ஐந்தாம் வகுப்பு மாணவி பாண்டியம்மாள். தகப்பனார் திரு. முத்துக்கருப்பன் அவர்கள்.”

கூட்டத்தின் பின்னால், புளியமரத்தடியில் ஒரு மனிதர் தலையில் கட்டியிருந்த துண்டை அவசரமாக அவிழ்த்தார். யாரோ அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றார். பாண்டியம்மாள் மேடை ஏறி என் தட்டிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்து நாங்கள் பெஞ்சுகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அய்யா அம்மாவிடம் வந்தார். துண்டு இன்னும் கையில்தான் இருந்தது.

“டீச்சர், டவுன் பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸு டீச்சர் போகும்?”

அம்மா குரல் வராமல் இருமினாள். பிறகு, “எட்டே கால் பஸ்ஸு” என்றாள். “எட்டே கால். மறந்துறாதீக, எட்டே கால்.” ஒரு தடவை சொன்னால் போதாதா, எதற்கு மூன்று தடவை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பெஞ்சின் இன்னொரு முனையைத் தூக்க ஆள் இல்லாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு முதல் நாள். ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றால், எதிரே புதுப் பாவாடையும் ரிப்பனுமாகப் பாண்டியம்மாள் வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூல் சுற்றப் போகிறேன் என்றவள் இங்கேயும் வந்து தொலைத்துவிட்டாளே! பஸ் வந்ததும் நான்தான் ஓடிப்போய் முதலில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் அவள் உட்கார்ந்துவிடாதபடி என் பையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தேன்.

கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வந்தவள் அந்தப் பையைப் பார்த்ததும் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எனக்கு எடம் போட்டு வச்சிருக்கியாடி?” என்று பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள்.

“அந்தத் தம்ளர்ல எங்கய்யா யாரையும் தண்ணி குடிக்க விடமாட்டேங்குறாருடி. பேரு வெட்டியிருக்குல்ல, தேஞ்சுபோயிருமாம். பொட்டிக்குள்ள வச்சிருக்காரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் எடுத்துக் காட்டிட்டுத் திரும்ப உள்ள வச்சுப் பூட்டிருறாரு.”

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கிறவர்களுக்கு எதற்கு என் தம்ளர் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.