கார்த்திகைக் கடைசியில் வைப்பர் ஓடியது

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு முறைதான் கார் ரிப்பேர் செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதற்காக எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ரந்தாவுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அப்பா டிராக்டர் ஓட்டினார். பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகிற டிராக்டர். அது தூரத்தில் வரும்போதே, எதில் கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். தோட்டத்தில் யாருடைய மோட்டார் சைக்கிள் நின்றுபோனாலும் எங்கள் வாசலுக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவரின் சொந்தக் காரில் வைப்பர் ஓடவில்லை. அதுவும் கார்த்திகை மாதத்து அடைமழையில்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாப்பிள்ளை வெளி ஆள் இல்லை, தம்பினில் இருந்த அத்தையின் மகன். அதாவது அப்பா தன் கூடப்பிறந்த தங்கை வீட்டுக்கே பெண்ணைக் கொடுத்திருந்தார். தலை தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். அத்தான் மறுநாளே கிளம்பிவிட்டார். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அம்மா நிறுத்திக்கொண்டாள். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. ஆனாலும் அக்கா போகவில்லை.

போகாதது எனக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் லீவு, பேசுவதற்கு ஆள் கிடைத்தது என்று இருந்தேன். ஆனால் அவள்தான் பேசவில்லை. பகலெல்லாம் தூங்கினாள். ரோட்டில் ஏதாவது லாரி வந்தால் எழுந்து அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். அத்தான் லாரி டிரைவர். ஒருநாள் அம்மா அவளுக்கு எண்ணெய் வைக்கும்போது பார்த்தேன், உச்சிக்குப் பின்னால் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு முடியே இல்லை. என்னக்கா இது என்று கேட்டேன். ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். எந்த ஷாம்பு என்று கேட்டேன், நாம் வாங்காமல் இருக்கலாமே என்று. அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

தம்பினிலிருந்து அத்தை போன் செய்துகொண்டே இருந்தாள். நிறுத்திக்கொண்டவர்கள்தான் கொண்டுவந்து விட வேண்டும், என் மகன் வந்து நிற்கமாட்டான் என்பது அவள் கட்சி. பெண்ணை பஸ்ஸில் ஏற்றி அனுப்பமாட்டேன், அடுத்தவன் காரிலும் அனுப்பமாட்டேன், என் காரில்தான் கொண்டுபோய் விடுவேன் என்பது அப்பா கட்சி. அந்தக் காரில்தான் வைப்பர் ஓடவில்லை. மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். தை பிறக்க வேண்டும். ஆகவே கார்த்திகை முடிவதற்குள் வைப்பர் ஓடினால் அக்கா போவாள், ஓடாவிட்டால் இன்னும் ஒரு மாதம் இருப்பாள். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா தினமும் வேலை முடிந்து வந்து காரைப் பார்த்தார். முதல் நாள் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினார். இரண்டாம் நாள் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சைக் கழற்றினார். மூன்றாம் நாள் பேட்டரி முனைகளைச் சுரண்டினார். எனக்கு ஒரே குழப்பம். சுவிட்சைப் போட்டால் உள்ளே மோட்டார் கிர்ரென்று ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. மோட்டார் ஓடினால் பியூஸும் பேட்டரியும் சரியாக இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "மோட்டாரு ஓடுதேப்பா" என்றேன். "ஓடுது, ஓடுது" என்று சொல்லிவிட்டு, பேட்டரியையே சுரண்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வேலை மறந்துபோய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அப்போது நாற்பத்தாறு.

கார்த்திகையின் கடைசி நாள் விடியும்போதே மழை. தம்பினிலிருந்து பெரியப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணன், குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வந்தவர் நேராகக் காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"இருபது வருசமா டிராக்டர் ஓட்டுற, ஒரு வைப்பர் செய்யத் தெரியலயாடா ஒனக்கு? வெளிய சொல்லாதடா, சிரிப்பாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தோட்டத்தில் அப்பாவை வேலை வாங்குகிற எதிர்வீட்டு மண்டோர் ஜன்னலில் நின்று பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு பேரும் டீ குடிக்க உள்ளே போனதும் நான் காருக்குப் போனேன்.

வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். அந்தப் பெயரை அன்று முழுசாகக் காப்பாற்றினேன். போனட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தேன். கண்ணாடிக்கு அடியில் நீளமாக ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதன் ஓரத்தை யாரோ ஏற்கனவே நெம்பியிருந்தார்கள். கையை உள்ளே விட்டேன். மோட்டாரிலிருந்து வைப்பருக்குப் போகிற இரும்புக் கம்பி ஒன்று, தன் குமிழிலிருந்து கழன்று கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். மோட்டார் சும்மா சுற்றுகிறது, கம்பி சேரவில்லை, வைப்பர் அசையவில்லை. கம்பியின் குழியைக் குமிழ்மேல் வைத்து அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. உள்ளிருந்த பிளாஸ்டிக் தேய்ந்து தொளதொளவென்று இருந்ததால், பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, அப்பா டிராக்டரில் கட்டுவது போலவே இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சாவி காரில்தான் இருந்தது. திருப்பிச் சுவிட்சைப் போட்டேன். இரண்டு வைப்பரும் ஒன்றாக எழுந்து போய் வந்தன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

முதலில் வாசலுக்கு வந்தவர் அப்பா. வைப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். பின்னால் வந்த பெரியப்பா என் முதுகில் ஒன்று வைத்து, இவள்தான்டா மெக்கானிக் என்றார். அம்மா டீத் தம்ளரோடு கதவடியில் நின்றாள். அக்கா மட்டும் வெளியே வரவில்லை. கொடியிலிருந்த தன் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அப்பா மூடிக்குள் கையை விட்டு நான் போட்ட முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அவிழ்ந்திருக்கும். பெரியப்பா அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கம்மா" என்று அப்பா கையை வெளியே எடுத்தார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெரியப்பா மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். முன் சீட்டில் வாழைப்பழமும் பிஸ்கட் டின்னும் புதுப்புடவையும். பின்னால் நானும் அக்காவும். மழை கொட்டியது, வைப்பர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். ஜில்லென்று இருந்தது.

பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த டியூப்பு எவ்வளவு தூரம் தாங்கும்?"

"சிங்கப்பூர் வரைக்கும் தாங்கும்" என்றேன் நான்.

அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். அத்தான் சட்டையில்லாமல் வாசலில் சாய்ந்திருந்தார். அக்கா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அப்பா டீகூடக் குடிக்கவில்லை.

அக்கா அந்த வீட்டில் இன்னும் நாலு வருஷம் இருந்தாள். தைக்கு வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. நாலாம் வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது லோபாக்கில் ஒரு துணிக்கடையில் வேலை. இடது காது கேட்காது. வலது பக்கம் நின்றுதான் அவளிடம் பேச வேண்டும். அந்தக் காரைப் பற்றி அவளும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.

அப்பாமேல் எனக்குக் கோபம் உண்டு, இன்றும் உண்டு. தங்கையையும் அண்ணனையும் பகைக்கப் பயந்து, பியூஸைப் பிடுங்கியும் பேட்டரியைச் சுரண்டியும் நாளைக் கடத்தப் பார்த்த மனுஷர், என் மகளை அனுப்பமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். ரந்தாவை நெருங்குவதற்கு முன்பே மழை விட்டுவிட்டது. ரோடுகூடக் காயத் தொடங்கியிருந்தது. அப்பா வைப்பரை நிறுத்தவில்லை. அது காய்ந்த கண்ணாடியில் கீச்சுகீச்சென்று போய் வந்தது. நான் செய்த வேலையை ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, மழை விட்டுடுச்சுப்பா என்றேன்.

"விட்டுடுச்சா? எனக்கு எல்லாம் மங்கலாவே இருக்கும்மா" என்றார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் யோசித்து, "ரப்பர் தேஞ்சிருக்கும்பா. நாளைக்கு அதையும் நானே மாத்திடுறேன்" என்றேன்.