அத்தானின் சிலோன் தாள்காசு

அத்தான் ஒரு பழைய தாள்காசைத் தூக்குவதைப் பார்த்தால், பொரித்த அப்பளத்தைத் தூக்குகிறார் என்றுதான் நினைப்பீர்கள். இரண்டே விரல், அதுவும் ஓரத்தில். டவுன்டவுன் உணவகமொன்றில் நாள் முழுக்கக் கோப்பை கழுவிய விரல்கள். சுதந்திரம் கிடைத்த புதிதில் இலங்கையில் புழங்கிய தாள்களை மட்டுமே அவர் சேர்த்தார். முதலில் ராசாவின் முகம், பிறகு மகாராணியின் முகம். "வெள்ளைக்காரன் போயிட்டான், படத்தைக் கழட்ட மறந்திட்டான்" என்று சிரிப்பார். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. மொன்றியலில் அக்காவும் அவள் புருசனான அத்தானும் இருந்த வீட்டில் தங்கி நான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வசந்தத்தில் சேகரிப்பாளர்களின் கண்காட்சியில் அத்தானுக்கும் ஒரு மேசை கிடைத்தது. பல வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த மேசை. மனுசன் அதற்காகப் புதுக் கோட்டுக்கூட வாங்கினார்.

ஊரில் இடம்பெயர்ந்து அலைந்தபோது அக்காவின் பிறப்புச் சான்றிதழ் மழையில் கூழாகிப்போனது. அன்றிலிருந்து கடதாசி என்றால் அவளுக்கு லமினேற் செய்தாக வேண்டும். எங்கள் சனத்தில் பாதிப்பேர் அப்படித்தான். வீட்டில் கல்யாணச் சான்றிதழ் முதல் பிள்ளையார் படம் வரை எல்லாமே பிளாஸ்டிக்குக்குள். கண்காட்சிக்கு முதல் நாள், அத்தானைச் சந்தோசப்படுத்த நினைத்து, அத்தனை தாள்களையும் கடைக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் ஒட்டி, பளபளவென்று மேசையில் பரப்பியிருந்தாள். ஒட்டினது ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. சேகரிப்பவர்களுக்கு அது செத்த தாள். அத்தான் சொல்லி அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வேலையால் வந்த அத்தான் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்றார். கைகழுவிவிட்டு வந்து புட்டுச் சாப்பிட்டார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டார். அதன்பிறகு ஒரு தாள்கூட வாங்கவில்லை. கேட்டால், "அலுத்துப்போச்சு." நானும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் அத்தான் காலமானார். செத்தவீடு முடிந்து, மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டிலிருந்த வீட்டில் அக்காவும் நானும் அவருடைய அலுமாரியை ஒதுக்கினோம். உடுப்புகளுக்கு அடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் தாள்களை எடுத்து அக்கா தூசு துடைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அத்தானுக்கு நீங்கள் செய்துகுடுத்தது சரியான விருப்பம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விசர்க்கதை கதையாதை தம்பி. பிழை விட்டிட்டன் எண்டு அண்டைக்கே அந்தாளின்ர முகத்தில தெரிஞ்சுது. ரெண்டு பேச்சுப் பேசியிருந்தா அழுது மன்னிப்புக் கேட்டிருப்பன். வடிவாயிருக்கு எண்டிட்டுதே மனுசன். பேந்து நான் எப்பிடி மன்னிப்புக் கேக்கிறது?"