நொய்யலுக்கு ஒரு ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குத் திருப்பூரைச் சுற்றிக் காட்டக் கிளம்பியவன், நொய்யல் பாலத்தில் அவளோடு நனைந்துகொண்டு நிற்கிறேன். பனியன் கம்பெனி மதில்களை விட்டால் இந்த ஊரில் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

கீழே ஆறு மெரூன் நிறத்தில் நுரைத்து ஓடுகிறது. எங்கள் பக்கம் புதுவெள்ளத்தைப் பார்த்தால் காசு போட்டுக் கும்பிடுவார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுக்கிறாள்.

பக்கத்தில் நின்ற பெரியவர் தன் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டுகிறார்.

"காசைப் போடாதீங்க அம்மிணி. இது வெள்ளமில்லீங்க. மழை பேஞ்சாப் போதும், சாயப்பட்டறைக்காரங்க தேக்கி வெச்ச கழிவையெல்லாம் தொறந்து வுட்டுருவாங்க. கீழ எங்க தோட்டத்துக் கெணறு, தென்னை எல்லாமே போச்சுங்க."

சாயப்பட்டறை என்றதுமே அம்மாவின் முகம் மலர்ந்துவிடுகிறது.

"எம் மவனும் சாயப்பட்டறையிலதான் இருக்கான் அய்யா. நல்ல வேலை."

பெரியவர் என்னைப் பார்க்கிறார்.

"அப்படீங்களா. சந்தோசமுங்க."

திட்டியிருந்தால் தேவலை. நேற்று முழுக்க நாங்கள் முக்கியெடுத்த துணியும் மெரூன்தான். நகக்கண்ணில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன்.

அம்மா ரூபாயை என் தலையைச் சுற்றி ஆற்றில் போடுகிறாள்.

"எம் புள்ளைக்கு இந்த வேலை நெலைக்கணும், தாயே."

பெரியவரின் தோள் நனைகிறது. குடை அம்மாவின் தலைக்கு மேலேயே இருக்கிறது.